குழந்தைவேல் பேருக்கு வந்த பார்சல்

குமாரபாளையத்தில் தறிச் சத்தம் நிற்பது மாதத்தில் ஒரு நாள்தான். பராமரிப்பு வேலை என்று பேப்பரில் போட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மின்வாரியக்காரர்கள் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரே என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். அவனவன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பான், பவானிப் பாலத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவான், சிலர் பட்டப்பகலில் குறட்டை விடுவார்கள். சாரதாமணிக்கு மட்டும் அது செத்துப்போன வீட்டுக்காரர் இருமுகிற நாள்.

சும்மா சொல்லவில்லை. குழந்தைவேல் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கரண்டு போய், கடைசித் தறியும் ஓய்ந்து, காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சமிருக்கும்போது நூல் ரூம் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வரும். இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். பஞ்சுத் தூசியிலேயே முப்பது வருஷம் கிடந்த நெஞ்சு அது, வேறு யாருக்கும் அப்படி வராது. சாரதாமணி கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நூல் ரூம் வாசலில் போய் நிற்பாள். உள்ளே நூல் மூட்டைகள் இருக்கும், சுவரோரம் நிமிர்த்தி வைத்த கயிற்றுக் கட்டில் இருக்கும். வாசற்படியைத் தாண்டமாட்டாள். "வாரேனுங்க" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, போகாமலேயே திரும்பி வந்துவிடுவாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மந்திரிக்க ஆள் கூட்டி வருவார்கள். இல்லாவிட்டால், சங்ககிரியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயப்பிரியா வந்து, "போதும்மா, எங்கூட வந்துருங்க" என்று பெட்டியைக் கட்டிவிடுவாள். இரண்டும் வேண்டாம் என்றிருந்தது.

சாரதாமணிக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்தது ராசிபுரம், அங்கேயும் தறிதான். இருபது வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தாள். வீட்டை ஒட்டிய பட்டறையில் பத்துத் தறி, ஓடுவது கைலி. நெய்து வந்த துணியை மேஜையில் போட்டு, அறுந்த இழை, எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்து மடித்துக் கட்டுவது அவள் வேலை. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பதுதான் அதிகம். துணிமேல் உள்ளங்கையை ஓடவிட்டால் எங்கே இழை விட்டிருக்கிறது என்று கை சொல்லிவிடும். அதே காம்பவுண்டில் குழந்தைவேலின் தம்பி மருதாசலமும் அவன் மனைவி வசந்தாமணியும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரு கூடம். அந்தக் கூடத்துச் சுவரில்தான் குழந்தைவேல் படமாக மாட்டியிருந்தார், சிவப்பு பல்பும் சந்தனமாலையுமாக.

நல்ல மனுஷர். கை நீட்டியதில்லை, ஒரு சொல் வலிக்கிறமாதிரி சொன்னதில்லை. அதனால்தான் சாரதாமணிக்கு இவ்வளவு சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் போய்த் தொலைந்தான் என்று தலைமுழுகியிருக்கலாம்.

முப்பத்தேழு வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு எடுத்தாகிவிட்டது. பல் பிடுங்குகிறமாதிரிதான் அதைப் பேசிக்கொள்வார்கள். ரத்தப்போக்கு நின்றது, நிம்மதி. அதன் பிறகு உடம்பு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே எரிந்தது. கீழே எல்லாம் காய்ந்துபோய், மிளகாய் தேய்த்தாற்போல ஒரு வலி. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலைவலி என்றாள். பிறகு அவர் விளக்கை அணைப்பதற்கு முன்பே தூங்கினவள்போலப் படுத்துக்கொண்டாள். எரிகிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதை எந்த வார்த்தையில் சொல்வது? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த இடத்துக்கு அவர்களிடம் ஒரு பேர்கூடக் கிடையாது.

குழந்தைவேல் வற்புறுத்துகிற ஆள் இல்லை. ஒரு நாள் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, "தறி ஓட்டறவங்களைப் பாத்துக்கோணும், நான் நூல் ரூம்லயே படுத்துக்கறேன்" என்று போனார். போனவர் திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் அந்தக் கயிற்றுக் கட்டிலிலேயே படுத்தார். ஒரு விடிகாலையில் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முடிந்துபோனார். மருதாசலம்தான் போய்ப் பார்த்தான். கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. பத்துத் தறி ஓடுகிற இடத்தில் எவனுக்குக் கேட்கும்?

பக்கத்தில் படுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். இரண்டு வருஷமாக அவளைப் பிடித்து ஆட்டுகிறது இந்த ஒன்றுதான். என் உடம்பால்தான் அவர் அங்கே போய்ப் படுத்தார், என் உடம்பால்தான் செத்தார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

போன ஆடியில் நீர்க்கடுப்பு வந்தது. உள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார், போயிற்று, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை, தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து சேலத்துக்கு பஸ் ஏறினாள். சங்ககிரியில் பஸ் நின்றபோது சம்பந்தி வீட்டார் யாராவது ஏறிவிடுவார்களோ என்று குனிந்தபடியே இருந்தாள். டாக்டர் பேர் மோகனப்பிரியா, ஓமலூர்ப் பக்கத்துப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சின்னப் பெண்ணாக இருக்கிறதே என்று சாரதாமணிக்கு முதலில் மனசே ஒப்பவில்லை.

பரிசோதித்துவிட்டு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஊட்டுக்காரரோட இருக்கறப்ப வலி இருந்துச்சுங்களாம்மா?"

அவள் வாழ்நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சாரதாமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"கர்ப்பப்பையோட சினைப்பையையும் சேத்து எடுத்திருக்காங்க. உடம்புக்கு அந்த ஈரத்தைக் குடுக்கறது அதுதாங்க. அது போனா உள்ள தோல் மெலிஞ்சு காஞ்சுரும், தொட்டாலே வலிக்கும். அடிக்கடி நீர்க்கடுப்பு வாரதும் அதனாலதான். உங்க தப்பு எதுவுமே இல்லீங்க. தடவறதுக்கு க்ரீம் இருக்குது, எழுதித் தாரேன்."

"இந்த க்ரீம்... அஞ்சாறு வருசத்துக்கு முன்னாலயும் இருந்துச்சுங்களா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "இருந்துச்சுங்கம்மா."

சாரதாமணி அழுதாள். இழவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. ஒரு விரல் நீளக் குழாய் மருந்து, அது கடையில் இருந்திருக்கிறது, அது தெரியாமல் ஒரு மனுஷன் நூல் மூட்டைகளோடு படுத்துச் செத்திருக்கிறான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "இனிமே இதெல்லாம் எனக்கு எதுக்குங்க சாமி? அவருதான் போயிட்டாருங்களே."

"அவர் போயிட்டார், உடம்பு உங்ககிட்டத்தான இருக்குது?"

டாக்டர் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறமாதிரி. க்ரீமை ஆறு வாரம் போடச் சொன்னாள். அதன்பிறகு உடம்பு பயத்தை மறக்க வேண்டும், அதற்கு நீங்களே உங்களைத் தொட்டுப் பழகலாம், வைப்ரேட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஆன்லைனில் மசாஜர் என்று போட்டு விற்கிறார்கள், உங்கள் வயதில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள் என்றாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தாள். சின்னதாகப் பாருங்கள். உள்ளே போகவேண்டும் என்பதே இல்லை, வெளியில் வைக்கிறதே உங்களுக்குப் போதும். சிலிகான் என்று போட்டிருக்க வேண்டும். பிரித்ததும் ரப்பர் வாசம் அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் கரைகிற ஜெல் போதும். முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சாரதாமணி அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். க்ரீமை ஒழுங்காகப் போட்டாள். ஒரு மாதத்தில் நீர்க்கடுப்பு நின்றது, உட்கார்ந்தால் எழுந்தால் இருந்த எரிச்சலும் நின்றது. ஆறு வாரம் முடிந்தபிறகு போனை எடுத்தாள்.

போன் குழந்தைவேலுடையது. அவர் நம்பரை விட மனசு வராமல் ரீசார்ஜ் போட்டு அவளே வைத்திருந்தாள். தறிக்கு வேண்டிய சாமான்களை ஆர்டர் போட அவர் வைத்திருந்த செயலியும் அதிலேயே இருந்தது. மடிப்பு ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு, பக்கத்தில் தறிகள் கத்துகிற தைரியத்தில் மூன்று மத்தியானம் அதைப் பார்த்தாள். முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோஸ், ஊதா, பச்சை என்று தீபாவளிச் சேலைக் கடை தோற்றது. ஒன்று கத்தரிக்காய்போல இருந்தது, ஒன்றுக்கு முயல் காது வைத்திருந்தார்கள். இதை எவன் உட்கார்ந்து யோசித்தானோ என்று தோன்றியது. வாங்கினவர்கள் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சத்தம் அதிகம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். குமாரபாளையத்துக்கு வந்து பாரடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது நாள் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு படத்தின் கீழே நீளமும் பருமனும் போட்டிருந்தது. அவள் கையைச் சாணாக விரித்து மேஜையில் வைத்துப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அவருடைய அளவு. கை மறக்கவில்லை. டாக்டர் சின்னதாகப் பார்க்கச் சொன்னது ஞாபகம் இருந்தது, சீட்டும் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அவள் விரல் அதைத்தான் அழுத்தியது. உயிரோடு இருக்கும்போது கொடுக்காததை இப்போதாவது கொடுத்துவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு கொடுத்துவிட்டால் அவர் இருமுவதை நிறுத்திவிடுவார் என்று அவளுக்கு இருந்தது. கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். தறி நின்ற வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. செயலியில் இருந்தது குழந்தைவேலின் பேர். கரண்டு பில், கேஸ், வீட்டு வரி எல்லாம் அவர் பேரில் வந்தே பழகின வீடு. பேரை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பார்சல் வந்த அன்று அவள் நூல் எடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தாள். கூரியர்க்காரர் வாசலில் நின்று, "குழந்தைவேல் சார்! குழந்தைவேல் சார்!" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியிருக்கிறார். வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஓடிப்போய் வாங்கி, அட்டைப் பெட்டியின்மேல் அச்சடித்த பேரைத் தடவித் தடவிப் பார்த்து அழுதிருக்கிறாள். அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும், மிக்சி என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும், முதலில் குழந்தைவேல் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். அவர் பேருக்கே ஒன்று வந்திருக்கிறதென்றால் கேட்கவேண்டுமா?

சாரதாமணி திரும்பி வந்தபோது பெட்டி படத்தின் கீழே பலகைமேல் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ.

"பெரிய மாமா பேருக்கு வந்திருக்குதுங்க்கா!" வசந்தாமணியின் கண் இன்னும் சிவந்திருந்தது. "எப்பவோ ஆர்டர் போட்டது இப்பத்தான் வந்திருக்குதாட்ட இருக்குது. நாலு நாள்ல அமாவாசைங்க. படையல் போட்டு, எல்லாரும் இருக்கறப்ப அவங்க தம்பி கையால பிரிக்கட்டுங்க. அதுவரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

அந்தக் கூடத்தைத் தாண்டாமல் அடுப்படிக்குப் போக முடியாது. நான்கு நாளும் வரும்போதும் போகும்போதும் பெட்டி குங்குமத்தோடு அவளைப் பார்த்தது, மேலேயிருந்து அவர் பார்த்தார். இரண்டாம் நாள் வசந்தாமணி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, இருமல் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறது என்று முதுகு சொல்லியது. கையை இழுத்துக்கொண்டாள். என்னுடைய லட்சணத்தை நாலு பேர் முன்னால் காட்டத்தான் அவர் இதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்று முழுக்க நினைத்தாள்.

அமாவாசையன்று வாழையிலை போட்டு, வடை பாயசம் வைத்து, மருதாசலம் கற்பூரம் காட்டினான். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். மருதாசலம் நூல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தான். "அண்ணன் கடைசியா என்னத்த வாங்கியிருக்குதுன்னு பாப்பம்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். கத்தி முனை டேப்பில் இறங்கியது.

"அது எனக்கு வந்ததுங்க."

தன் வாயிலிருந்துதான் வந்தது என்று சாரதாமணிக்கே தெரிய ஒரு கணம் ஆயிற்று. மருதாசலம் நிமிர்ந்து பார்த்தான். "என்னுங்கண்ணி?"

"டாக்டரம்மா வாங்கச் சொன்ன சாமானுங்க. பொம்பளைங்க சமாச்சாரம்."

இந்த ஊரில் ஆண்பிள்ளையைக் கூடத்திலிருந்து கிளப்ப இந்த இரண்டு சொல் போதும், தீப்பிடித்தது என்று சொன்னால்கூட இவ்வளவு வேகமாகக் கிளம்பமாட்டான். மருதாசலம் பெட்டியைச் சுட்டதுபோல் கீழே வைத்துவிட்டு, தறியைப் பார்க்கவேண்டும் என்று போய்விட்டான். வசந்தாமணி மட்டும் நின்றாள். பேர் எழுதியிருந்த இடத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் போன வருஷம்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். எதுவும் கேட்காமல் பூவை எடுத்துப் படத்துக்கு வைத்துவிட்டு, பெட்டியைச் சாரதாமணி கையில் கொடுத்தாள். "உள்ள கொண்டுபோய் வெய்யுங்க்கா" என்றாள்.

தப்பித்தாள் என்று நினைத்தால் தப்பு. மறுநாள் மத்தியானம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அதைப் பிரித்தாள். புது டயர் வாசம் அடித்தது. துணியில் இப்படி ஒரு வாசம் வந்திருந்தால் அவள் அதைத் தள்ளி வைத்திருப்பாள், கலப்பட நூலை மூக்கு வைத்தே கண்டுபிடிக்கிறவள். அன்றைக்குத் தள்ளவில்லை. வலித்தது. நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி, போதுங்களா, போதுங்களா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். துளி ரத்தம் பட்ட பிறகுதான் விட்டாள். அடுத்த வாரம் கரண்டு நின்ற நாளில் நூல் ரூமிலிருந்து இருமல் வழக்கம்போல் வந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. ஒன்றும் குறையவில்லை.

மறுபடி சேலம். டாக்டர் பரிசோதித்துவிட்டு முகம் மாறினாள். "ஆறிக்கிட்டு இருந்த இடத்துல கீறல் விழுந்திருக்குது. என்ன ஆச்சுங்கம்மா?"

சாரதாமணியால் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாள். எந்த அளவு என்று கேட்டபோது கையைச் சாணாக விரித்துக் காட்டினாள்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எழுதிக் குடுத்தனே. சின்னதா, வாசம் இல்லாம, வலிச்சா நிறுத்துங்கன்னு. அத்தனையும் விட்டுப்போட்டு இதை யாருக்குங்கம்மா வாங்குனீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. உடம்பு அவளுடையது, வலி அவளுடையது, வாங்கினது மட்டும் அவருக்கு. சேலத்திலிருந்து சங்ககிரி வரும்வரை பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அதையே நினைத்தாள். சங்ககிரியில் இந்தத் தடவை குனியக்கூட மறந்துவிட்டாள்.

மூன்று வாரம் ஆறவிட்டாள். பழையதைக் கிழிசல் கைலியில் சுற்றி, கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் போட்டு அனுப்பினாள். இரண்டாவது தடவை தேர்ந்தெடுக்க மூன்று மத்தியானம் போதவில்லை, பத்து நாள் ஆயிற்று. இந்த முறை சாண் போட்டுப் பார்க்கவில்லை. துணியை எடுத்துப் பார்க்கிற புத்தியோடு பார்த்தாள். எதில் செய்தது, வாசம் வருமா, கழுவினால் நிற்குமா, ஓரம் எங்காவது உறுத்துமா. மாதவிடாய் நின்றவர்கள் எழுதியிருந்ததை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். ஒரு பெண், ஊர் பேர் இல்லை, 'எனக்கு ரொம்ப மெதுவாக இருந்தால்தான் ஆகும், இது மெதுவாகவும் ஓடுகிறது' என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததும் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாற்போல் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிறது, ஆற்றங்கரைக் கூழாங்கல்போல வழவழவென்று, உள்ளே போகிற வேலையே இல்லாதது. அதையும் ஒரு குழாய் ஜெல்லையும் எடுத்தாள். பேர் போடுகிற இடத்தில் தன் பேரைத் தட்டினாள். பார்சலை அவளே வாங்கினாள், நேராகத் தன் ரூமுக்குக் கொண்டுபோனாள்.

பிரித்து முகர்ந்தாள், வாசம் இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தில், பிறகு முழங்கைக்குள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளும் அவ்வளவுதான். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை, அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. பத்துத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கதவைத் தாழ் போட்டு, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாகும்வரை காத்திருந்தாள். எங்கே வைத்தால் உடம்பு சுருங்குகிறது, எங்கே வைத்தால் சுருங்கவில்லை என்று, துணியில் விட்டுப்போன இழையைத் தேடுகிற பொறுமையோடு தேடினாள். வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதை அவள் நம்பவே இல்லை, வலி எங்கேயோ ஒளிந்துகொண்டு வேளை பார்ப்பதாகவே நினைத்தாள். வரவில்லை. வேறொன்று வந்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு வெதுவெதுப்பு, செத்துப்போனது என்று அவள் என்றைக்கோ முடிவுகட்டின இடத்திலிருந்து மெல்ல எழுந்து தொடைவரை இறங்கியது. சுகமாக இருந்தது. எனக்கா, என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்போது கரண்டு போயிற்று.

பேப்பரில் போடாத கரண்டு நிறுத்தம். பத்துத் தறியும் இழுத்து இழுத்து நின்றன. அந்த அமைதியில் அவள் கையிலிருந்தது மட்டும் சன்னமாக ரீங்கரித்தது. நூல் ரூம் பக்கத்திலிருந்து இருமல் வந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. இவ்வளவு கிட்டத்தில் அது ஒருநாளும் கேட்டதில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

அவள் உடம்பு மொத்தமும் சுருண்டது. கை தானாக அதை நிறுத்தியது. எழுந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாய் பழக்கதோஷத்தில் "வாரே" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றது. கதவைத் திறக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"வலிச்சுதுங்க."

பிறகு அணை உடைந்தது.

"தலைவலின்னதெல்லாம் பொய்யுங்க. தூங்கறாப்பல கெடந்ததும் பொய்யுங்க. உங்களைப் புடிக்காம இல்லீங்க, எரிஞ்சுதுங்க. மொளகாயத் தேச்சாப்பல எரிஞ்சுதுங்க. அதுக்கு மருந்து இருந்துச்சாமா, எனக்குத் தெரியலீங்க. ஆருகிட்டக் கேக்கறதுன்னும் தெரியலீங்க."

கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. துக்கத்தோடு கூட இன்னொன்றும் மேலே வந்தது. கோபம் என்று அதற்குப் பேர் வைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, இருந்தும் அது கோபம்தான்.

"நான் சொல்லலீங்க, என்ற தப்புத்தானுங்க. நீங்களும் மூணு வருசம், தலகாணியத் தூக்கிட்டுப் போனவரு போனவருதானுங்களே? ஏன் சாரதா, உனக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே!"

குரல் சுவரைத் தாண்டி வசந்தாமணி வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது. இரண்டு வருஷமாக அவர் முன்னால் தப்புச் செய்தவளாகவே நின்றவள், முதல் தடவையாகக் கேள்வி கேட்டவளாக உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருந்தாள்.